சிறைக்குப் போன ஊறுகாய் ஜாடி

முன்னொரு காலத்தில், கடுகு வாங்கினால் வெந்தயம் கொசுறாகக் கிடைத்த நாளில், மாம்பாறை என்ற நாட்டை விசித்திரசேகரன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்ல ராஜாதான். ஒரே ஒரு தொல்லை. காலையில் எழுந்ததும் ராஜ்யத்தைப் பார்க்கப் போகமாட்டான். அரண்மனைச் சாமான் அறைக்குப் போய் மூடி மூடியாகத் திறந்து பார்ப்பான்.

தனியாகப் போனாலாவது தொலையட்டும் என்று விடலாம். அவனுக்கு முன்னால் பன்னீர்ச் செம்போடு சுகந்தராயர் போவார். ராஜாவின் பார்வை எதன்மேல் விழுமோ, அதன்மேல் முதலில் பன்னீர் விழவேண்டும். அது அந்த வம்சத்து மரியாதை. யானைக்குத் தெளித்தார்கள், சரி. அயல்நாட்டுத் தூதருக்குத் தெளித்தார்கள், அதுவும் சரி. துவரம்பருப்புக்குமா?

சாமான் அறையைக் கவனித்துக்கொண்ட செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். மிளகாய் வற்றலை மொறமொறவென்று காயவைத்து அடுக்குவாள். ராயர் ஒரு தெளி. புளியைக் கொட்டை நீக்கி, கல்லுப்புப் போட்டுப் பானையில் அமுக்குவாள். மூடியைத் திறந்து ஒரு தெளி. வேப்பிலைச் சருகு போட்டு அரிசியைப் பத்திரப்படுத்துவாள். அதற்கு இரண்டு தெளி. கடைசியில் குதிருக்குள் அரிசி முளைத்து, நாற்றாகி, நாற்றுக்கு நடுவே ஒரு தவளை குடும்பம் நடத்தியது. அரிசி எப்படி முளைக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். அவ்வளவு பன்னீர்!

"ஐயா, சாமானுக்கு ஈரம் ஆகாதுங்க" என்று அவளும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள்.

"ஈரமா? இது பன்னீர், பெண்ணே!" என்பார் ராயர். அவருக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு. இவள் போனால் அந்த அறைச் சாவி தன் மச்சினன் இடுப்புக்கு வரும்.

ஒருநாள் சாப்பாட்டின்போது மாங்காய் ஊறுகாய் ஜாடியைத் திறந்தார்கள். மேலே பூனைக்குட்டி படுத்திருந்தது போல் பூசணம். ராஜா இலையைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"இது போன வாரம் போட்ட ஊறுகாய்தானே! பருப்பில் வண்டு, அப்பளத்தில் நமுப்பு, இப்போது இதுவுமா? யார் செய்த வேலை?"

"சாவி யாரிடம் இருக்கிறதோ, அவள் செய்த வேலை மகாராஜா" என்றார் ராயர், பட்டென்று.

"அப்படியானால் அவளுக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி, நாட்டைவிட்டே துரத்துங்கள்!"

மந்திரி அம்பலவாணர் எழுந்தார். "மகாராஜா, பன்னீரைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்த்தால்..."

"என் பாட்டன் காலத்து மரியாதை! நிறுத்தச் சொல்கிறவருக்கும் ஒரு கழுதை பிடிக்கட்டுமா?"

மந்திரி பெருமூச்சு விட்டார். இந்த ராஜாவிடம் நேர்வழியில் பேசிப் பேசியே அவருக்குத் தலை நரைத்திருந்தது. சரி, சுற்றுவழிதான் என்று முடிவு செய்தார்.

"வேண்டாம் மகாராஜா. ஆனால் நீதி என்றால் முழுதாக இருக்கவேண்டும். குற்றம் செங்கமலம் மட்டும் செய்ததா? கெட்டது யார்? ஊறுகாய். வண்டுக்கு இடம் கொடுத்தது யார்? பருப்பு. இவர்களும் கூட்டாளிகள்தானே?"

ராஜா யோசித்தான். அவனுக்கு இந்த மாதிரிப் பேச்சு ரொம்பப் பிடிக்கும். "அதுதானே! என்ன செய்யலாம்?"

"புதிதாகச் சாமான் வாங்கி இரண்டு பங்காக்குவோம். ஒரு பங்கு ராயர் பொறுப்பில், சகல மரியாதைகளோடு அரண்மனையில் இருக்கட்டும். மறு பங்கைச் செங்கமலத்தோடு கோட்டை உச்சிச் சிறையில் அடைப்போம். அடுத்த அமாவாசைக்குள் அங்கே ஒரு மிளகாய் கெட்டாலும் கழுதை தயார்."

"ரொம்பச் சரி!" என்று துள்ளினார் ராயர். "சிறைக்கும் நானே தினம் போய்ப் பன்னீர்..."

"ராயரே! கைதிக்குப் பன்னீர் மரியாதையா?" என்றார் மந்திரி.

"சீச்சீ! கூடவே கூடாது" என்றான் ராஜா.

மறுநாள் பருப்புக்கும் புளிக்கும் முன்னால் தண்டோராப் போட்டுப் போனார்கள். ஊறுகாய் ஜாடியின் கழுத்தில் விலங்கு. உச்சிச் சிறையில் நல்ல வெயில், ஓயாத காற்று. செங்கமலம் எல்லாவற்றையும் உலர்த்தி, துடைத்து, ஜாடி வாயைத் துணியால் கட்டி வைத்தாள். தொந்தரவு பண்ண ஒரு பிராணி வரவில்லை. கீழே ராயரோ உற்சாகத்தில் வேளைக்கு ஒரு செம்பு தெளித்தார்.

அமாவாசையன்று இரண்டு பங்கும் சபைக்கு வந்தன. ராயரின் ஜாடியைத் திறந்ததும் முன்வரிசைப் புலவர்கள் பின்வரிசைக்குப் போனார்கள். பருப்புத் தானாகவே நகர்ந்தது, அத்தனை வண்டு. சிறை ஜாடியைத் திறந்தால் நல்லெண்ணெய் மிதக்க, பெருங்காய வாசனை கமகமத்தது. மிளகாயை எடுத்தால் டக்கென்று ஒடிந்தது.

"மந்திரி! என் அரண்மனையைவிடச் சிறை உசத்தியா?"

"அங்கே மரியாதை இல்லை மகாராஜா. அதனால் பிழைத்துக்கொண்டன."

ராஜா செம்பைப் பார்த்தான், பூசணத்தைப் பார்த்தான், பிறகு ராயரைப் பார்த்தான். ராயர் தரையைப் பார்த்தார்.

"உமக்குப் புது உத்தியோகம். மொட்டைமாடியில் வற்றல் காயும்போது காக்கை ஓட்டும். செம்பு வேண்டாம், குச்சி போதும். மந்திரிக்கு என் முத்துமாலை. செங்கமலத்துக்கு விடுதலை!"

ஆனால் காவலன் ஓடிவந்து, "அவள் சிறையைவிட்டு வரமாட்டேன் என்கிறாள் மகாராஜா!" என்றான்.

ராஜாவே மூச்சிரைக்க மேலே ஏறினான். கம்பிக்குள் செங்கமலம் மல்லி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்க வரணும்? கீழே வந்தா நீங்க பின்னாலேயே வந்து மூடியைத் திறப்பீங்க. என் உசிரு போகுது. நான் இங்கேயே நிம்மதியா இருந்துக்குறேன்."

"இனி அறைக்குள் கால் வைக்கமாட்டேன் அம்மா. சத்தியம்!"

"கையி?"

"கையும் வைக்கமாட்டேன்!"

அப்புறம்தான் இறங்கினாள். மறுநாள் காலை ராஜா வழக்கம்போல் வந்தான். நிலைப்படிக்கு வெளியே நின்றான்.

"கொஞ்சம் மாங்காய் ஊறுகாய்..."

செங்கமலம் உலர்ந்த கரண்டியால் எடுத்துக் கிண்ணத்தில் வைத்து நீட்டினாள். கதவைப் படாரென்று சாத்தினாள். மாம்பாறையில் ராஜாவின் மூக்குக்கு நேரே கதவைச் சாத்தும் அதிகாரம் பெற்றவள் அவள் ஒருத்திதான். அதற்குப் பிறகு அங்கே ஒரு அப்பளம்கூட நமுத்ததில்லை.