சந்தனத்தில் ஒட்டிய பூ

தாமிரபரணிக் கரையில் சொக்கநாதர் கோயில் கொண்ட சிற்றூர் ஒன்றில் ஆவுடைநாயகியார் என்னும் அம்மையார் வாழ்ந்திருந்தார். விடியுமுன் நீராடி, செவ்வந்தியும் வில்வமும் சேர்த்து இறைவனுக்கு மாலை தொடுத்துக் கொடுப்பது அவர் வழிபாடு. பிறகு பஸ் ஏறி நகரத்து ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய், முன்பின் தெரியாதவர்கள் டப்பாவில் கொடுத்தனுப்பிய மலத்தைக் கரைத்து, வடிகட்டிச் சோதிப்பது அவர் வேலை. டாக்டர் பட்டம் பெற்றவர்தான். மூக்கைப் பொத்துகிறவர்களுக்குப் பட்டமா கண்ணில் படும்?

அவர் தேடியது பெருங்குடல் புற்றுநோயின் முதல் தடத்தை. நோய் வர மரபணுவின் எழுத்து மாறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அதன்மேல் சின்னஞ்சிறு வேதிக் குறிகள் ஒட்டிக்கொண்டாலே போதும், உடம்பைக் காக்க வேண்டிய மரபணு வேலை செய்யாமல் கிடந்துவிடும், எரிகிற விளக்கின்மேல் சட்டியைக் கவிழ்த்தாற்போல. வலி வருமுன்னரே அந்தக் குறி மலத்தில் தென்படும். அப்போதே கண்டுகொண்டால் ஆளைக் காப்பாற்றிவிடலாம். அதற்காகவே அம்மையார் தம் இளமையையெல்லாம் அந்தக் கூடத்தில் செலவிட்டார்.

ஊர் சும்மா இருக்குமா? பீயைத் தொடுகிற கை கட்டிய மாலையா சாமி கழுத்தில் என்று முணுமுணுத்தது. கோயில் பூசை செய்யும் கல்யாண பட்டர் ஒருநாள் மாலையை வாங்க மறுத்துவிட்டார். அன்று முதல் அம்மையார் அதைக் கோயில் கதவில் தொங்கவிட்டு, கும்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினார். தெருவில் திரிகிற ஆடு வந்து தின்னும். மறுநாளும் கட்டுவார்.

அவர் கணவர் சைலப்ப ஓதுவார் அதே கோயிலில் தேவாரம் பாடுபவர். மனைவியை ஒரு சொல் கடிந்து சொல்லாதவர். அவர் தகப்பனாரும் பெரியப்பாவும் குடல் நோயில் போனவர்கள். ஆகவே அவரையும் சோதித்துவிட வேண்டுமென்று அம்மையார் கெஞ்சினார். ஓதுவாருக்கோ கூச்சம்.

"சாமிக்குப் பூத்தொடுக்குத கையில என் அழுக்கைக் குடுக்கவா? சொக்கநாதர்ட்ட பூக் கேப்போம், ஆவுடை. விழுந்தா தாரேன்," என்றார்.

பூக் கேட்பது அவ்வூர் வழக்கம். லிங்கத்தின் உச்சியில் பட்டர் ஒரு பூவை வைப்பார். இறைவனுக்குச் சம்மதமென்றால் அது தானாக விழும். அன்று அம்மையார் கண்கொட்டாமல் நின்றார். பூ அசையவே இல்லை. நடை சாத்தும்வரை அப்படியே இருந்தது. அவன் சித்தம் என்று ஓதுவார் திரும்பிவிட்டார். கூடத்தில் எதையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிற அம்மையார், அங்கே மட்டும் மறுபேச்சுப் பேசவில்லை. பக்தியில் செய்த பிழை அது; பின்னர் அவரைக் காலமெல்லாம் குத்தியது.

அடுத்த வருஷமே ஓதுவாருக்கு வலி கண்டது. வயிற்றைத் திறந்த மருத்துவர்கள் ஒன்றும் செய்ய முடியாமல் மூடினார்கள். கோயிலை நிறைத்த குரல் முனகலாகி அடங்கியது. ஊரெல்லாம் தேடினவளுக்கு வீட்டில் இருந்தது தெரியவில்லையே என்று துக்கம் கேட்க வந்தவர்களே பேசிக்கொண்டார்கள். அம்மையாருக்கு உயிரை விட்டுவிடலாம் போலிருந்தது. ஆனாலும் தீட்டுக் கழிந்ததும் மாலை தொடுத்தார். ஆடு தின்றது. வேலைக்குப் போனார்.

மாசி மாதம் கல்யாண பட்டர், மஞ்சள் பையில் ஒரு டப்பாவை மறைத்துக்கொண்டு அவர் வாசலில் வந்து நின்றார். கொஞ்ச நாளாக ரத்தம் போகிறதாம். ஆஸ்பத்திரிக்குப் போக வெட்கமாம். டப்பாவைக் கொடுத்த பிறகும் நகரவில்லை.

"அன்னிக்கு அந்தப் பூவை ஈரச் சந்தனத்துல நான்தாம்மா அழுத்தி வெச்சேன். இந்த அசிங்கத்தையெல்லாம் சுவாமிகிட்ட கேக்கப்படாதுன்னு தோணித்து. ஓதுவார் போயிடுவார்னு நினைக்கலை."

அம்மையாருக்கு டப்பாவை அவர் முகத்திலேயே விட்டெறியத் தோன்றியது. தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தத் தோன்றியது.

"இது இன்னைக்குக் காலையில எடுத்ததுதான சாமி?" என்று மட்டும் கேட்டார்.

குறி இருந்தது. அம்மையார் மறுபடி சோதித்தார், அதே விடை. பட்டர் வீட்டுக்குப் போய்ச் சொல்லி, தாமே கூட்டிப்போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கட்டி சின்னதாக இருக்கையிலேயே வெட்டி எடுத்தார்கள். பட்டர் பிழைத்தார். ஓதுவாரும் இப்படிப் பிழைத்திருக்க வேண்டியவர்தானே! என்ன நியாயம் ஐயா இது?

உடம்பு தேறிப் பூசைக்கு வந்த அன்று, ஆடு வருமுன் பட்டர் கதவில் தொங்கிய மாலையை எடுத்தார். அம்மையாரையும் உள்ளே அழைத்து, அவர் கண்முன்னே மாலையைச் சொக்கநாதருக்குச் சாத்தி, உச்சியில் ஒரு வெள்ளரளியை வைத்தார். சந்தனம் பூசவில்லை, யாரும் எதுவும் கேட்கவுமில்லை. தீபம் காட்டும்போது அந்தப் பூ தானாக விழுந்து, உருண்டு, அம்மையார் நின்ற கருவறை வாசற்படிக்கு வந்து நின்றது. கூட்டம் சிவசிவா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அம்மையார் சன்னதியைப் பார்த்தார்.

"அன்னைக்கே விழுந்திருக்கலாமேய்யா," என்றார்.

இறைவன் பதில் சொல்லவில்லை. அவனிடம் என்ன பதில் இருந்தது? அம்மையார் பூவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். கூடத்தில் டப்பாக்கள் வந்து காத்திருக்கும் நேரம்.

இறைவனையே வாயடைத்து நிற்கவைத்த ஆவுடைநாயகியாரின் பாதம் நம் தலைமேல் இருக்கட்டும்.