சாம்பல் நிறத்தில் ஏழு பெயர்கள்

பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர் அது. ஆற்றில் கலக்கும் கழிவைப் பற்றி அங்கே எந்தப் பத்திரிகையும் எழுதாது. விளம்பரம் கொடுப்பவர்கள் முதலாளிகள். எழுதியவர்களெல்லாம் சாதாரண ஆட்கள், தங்கள் சொந்த இணையதளங்களில்.

மாசிலாமணி முப்பது ஆண்டுகள் துண்டறிக்கை எழுதியவர், இரண்டு முறை சிறை சென்றவர். இணையத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் தெரசாள். வாசிப்பு வட்டம் நடத்துபவர், அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் மாசிலாமணி அவர் எதிரே உட்காரும்போது செருப்பைக் கழற்றிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாசிலாமணி செல்பேசியை நீட்டியபடி தெரசாள் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், எதையோ தவற விடறேனோன்னு பயமா இருக்கு. இன்னும் எத்தனை தளத்தைச் சேர்க்கணும்?"

"இப்ப எத்தனை இருக்கு?"

"நூத்தி எம்பது. யார் புதுசா எழுதினாலும் இந்த ஃபீட் ரீடர்ங்கிற ஆப்ல வந்து விழுந்துடும். ஒண்ணு பாக்கி இல்லாம படிச்சிட்டேன்."

"பரீட்சைக்கா படிக்கிறீங்க, தோழர்?"

அவர் சிரிக்கவில்லை. தெரசாளும் சிரிக்கவில்லை.

"ஏகவல்லி என்ன எழுதியிருக்கா?"

ஏகவல்லி தன் தெருக் கிணற்றுத் தண்ணீரின் நிறத்தைத் தினமும் படம் பிடித்துப் போடுபவள். ஒரு நாளும் விட்டதில்லை.

மாசிலாமணி திரையைத் தள்ளினார். மேலே போனார், கீழே வந்தார்.

"இன்னைக்கு எழுதல போல."

"நேத்து?"

அவர் மீண்டும் தள்ளினார். பட்டியலில் அவள் பெயரே இல்லை.

"நான் எடுக்கலையே, டீச்சர். சத்தியமா எடுக்கல."

தெரசாள் செல்பேசியை வாங்கினார். அமைப்புகளுக்குள் போய் ஒரு வரியைக் காட்டினார். 'புதிய பதிவு இல்லாத தளங்களை மறை.' எதிரே சரிக்குறி இருந்தது.

"இது யார் போட்டது?"

"நான்தான். மொத நாளே போட்டேன். பட்டியல் சுத்தமா இருக்கட்டும்னு."

தெரசாள் குறியை நீக்கினார். பட்டியலின் அடியில் ஏழு பெயர்கள் சாம்பல் நிறத்தில் வந்து நின்றன. ஏகவல்லியின் பெயர் நான்காவது. கடைசிப் பதிவு பதினொரு நாட்களுக்கு முன்.

மாசிலாமணி அதைத் திறந்து வாய்விட்டுப் படித்தார். "கிணற்றடியில் இரண்டு பைக்குகள் நிற்கின்றன. பார்த்த முகங்கள் இல்லை. நாளைக்குப் படத்தோடு எழுதுகிறேன்."

அவருடைய எண்ணமும் கையும் ஒன்றாக ஓடின. ஏகவல்லியின் எண்ணை அழைத்தார். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு குரல் சொன்னது. மறுபடி அழைத்தார். அதே குரல்.

"காய்ச்சலாக் கூட இருக்கலாம், டீச்சர்."

"இருக்கலாம்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இன்னைக்குக் காலையிலதான். நான் பேரை நோட்டுல எழுதி வச்சு ஒவ்வொரு தளமாப் போய்ப் பாக்கறவ. அவ தளத்தைப் பாக்கறது வாரத்துல ஞாயித்துக்கிழமை. போன வாரம் நான் ஊர்ல இல்ல, விட்டுட்டேன்."

தெரசாள் எழுந்து துணிப்பையை எடுத்துத் தோளில் போட்டார். ஏகவல்லியின் தெருவுக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும்.

மாசிலாமணி எழவில்லை. தடியடிக்கு அசையாதவர் அவர். இப்போது கழற்றிவைத்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்நாளில் கைதானால் வெளியே கோஷம் போட நூறு பேர் நிற்பார்கள். அது அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"அந்த பைக்குங்க இன்னும் அங்கயே நின்னா?"

"நிக்கலாம்."

"நாம ரெண்டு பேரும் திரும்பி வரலைன்னா, யாருக்கு டீச்சர் தெரியும்?"

தெரசாள் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"பதினோரு நாளா அவளும் இதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கா, தோழர்."