இரட்டைத் தும்பிக்கைக் காசு

கடலோரத்தில் ஆரல்நாடு என்றொரு நாடு. அதை ஒரு காலத்தில் குலமாணிக்கன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் தூக்கி எறிந்ததை மாலையில் எங்கே என்று கேட்பான். அரிய காசுகளைச் சேர்ப்பதில் அவனுக்குப் பைத்தியம். ஏழு பெட்டி நிறைய வைத்திருந்தான். அவன் நாட்டுக் காசில் யானை முத்திரை இருக்கும். அதை அடிப்பவர் நாணயச்சாலை அங்கமுத்து ஆசாரி.

அந்த வேலையில் தன் மைத்துனனை உட்கார வைக்க வேண்டும் என்று கருவூலத் தலைவர் வைரவநாதருக்கு வெகுநாள் ஆசை. ஒருநாள் அவர் ஒரு வெள்ளிக்காசோடு சபைக்கு வந்தார்.

“மகாராஜா, தங்கள் யானைக்கு ஆசாரி இரண்டு தும்பிக்கை வைத்திருக்கிறார். ஊரே சிரிக்கப் போகிறது.”

ராஜாவின் முகம் சிவந்தது. ஆசாரியை வரவழைத்தான். “இது உம்முடைய வேலையா?”

ஆசாரி காசைத் திருப்பிப் பார்த்தார். “என் வேலைதான் மகாராஜா. வெள்ளி வில்லையை அச்சில் வைத்து இரண்டு அடி அடிப்போம். இரண்டு அடிக்கும் நடுவே இது ஒரு நூல் அளவு நகர்ந்துவிட்டது. முப்பது வருஷத்தில் என் கண்ணுக்குத் தப்பியது இந்த ஒன்றுதான்.”

“ஒன்றே போதும். உம்மை வேலையை விட்டு…”

ராஜா முடிப்பதற்குள் கப்பல் வணிகர் யாகூப் மரைக்காயர் எழுந்தார். அவருக்கும் காசுப் பைத்தியம் உண்டு. “அந்தக் காசை எனக்குத் தாருங்கள் மகாராஜா. என் வெள்ளைக் குதிரையைத் தருகிறேன்.”

“பிழையான காசுக்கா?”

“சரியான காசு சந்தையில் கூடை கூடையாகக் கிடைக்கிறது. இந்த ஆசாரி கையில் பிழை எங்கே கிடைக்கும்? அதற்குத்தான் இந்த விலை.”

ராஜாவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. காசைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டான்.

வைரவநாதர் விடுவாரா? மூன்றாம் நாள் ஒரு தட்டோடு மைத்துனனையும் அழைத்து வந்தார். “கருவூலத்தில் தேடினேன் மகாராஜா. அதே இரட்டைத் தும்பிக்கையோடு இன்னும் பத்து இருக்கிறது. ஒன்றுதான் என்று ஆசாரி சொன்னது பொய்.”

மரைக்காயர் உதட்டைப் பிதுக்கினார். “இத்தனை இருந்தால் குதிரை எதற்கு? ஆட்டுக்குட்டியே அதிகம்.”

தன் பொக்கிஷம் ஆட்டுக்குட்டியாகிவிட்டதே என்று ராஜா கொதித்துப் போனான். ஆசாரியின் சுத்தியலைப் பிடுங்கி வரச்செய்தான். “பொய் சொல்பவருக்கு நாணயச்சாலையில் இடமில்லை.”

மூன்று தலைமுறை பிடித்த சுத்தியல் அது. அது சபைத் தரையில் வந்து விழுந்தது. ஆனாலும் ஆசாரி தட்டை நிதானமாகத்தான் பார்த்தார்.

“மகாராஜா, என் காசையும் இதில் கலந்து வையுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவுங்கள். என் பிழை எது என்று தாங்களே சொல்வீர்கள்.”

“கண்ணை மூடிக்கொண்டு நீதி சொல்வதா?” என்றார் வைரவநாதர்.

“திறந்த கண்ணால் பார்த்துத்தானே ஐயா எல்லோரும் ஏமாந்தோம்.”

ராஜாவுக்கு இந்த விளையாட்டுப் பிடித்துப் போயிற்று. கண்ணை மூடித் தடவினான். “பள்ளம்… இதுவும் பள்ளம்… பள்ளம்…” ஏழாவது காசில் விரல் நின்றது. “இதில் இரண்டு தும்பிக்கையும் புடைத்து நிற்கிறதே!” கண்ணைத் திறந்தான். அவனுடைய காசேதான்.

“அச்சில் அடித்தால் வெள்ளி மேலே எழும்பும் மகாராஜா. உளியால் கீறினால் பள்ளம்தான் விழும். இந்தப் பத்தும் என் பட்டறையிலிருந்து ஒற்றைத் தும்பிக்கையோடுதான் போயின.”

வைரவநாதரின் மைத்துனன் நைசாக வாசல் பக்கம் நகர்ந்தான். காவலர் மடக்கினார்கள். அவன் மடியில் உளி இருந்தது.

“ஆசாரி, நீரே இப்படி இன்னும் நூறு அடித்துத் தாருமேன்,” என்றான் ராஜா. ஆசை யாரை விட்டது?

“மன்னிக்க வேண்டும். வேண்டுமென்றே அடித்தால் அது பிழையில்லை மகாராஜா, மட்டமான வேலை. அது எனக்கு வராது.”

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து, சுத்தியலைத் தானே எடுத்து ஆசாரி கையில் கொடுத்தான். “இப்படி ஒருவர் என் நாட்டில் இருக்கிறார் என்பது எனக்குப் பெருமை,” என்றவன் அந்தக் காசையும் கொடுத்துவிட்டான்.

ஆசாரி அதை மரைக்காயரிடம் நீட்டினார். “என் பிழையை என் வீட்டில் வைத்துக்கொள்ள மனசில்லை. குதிரையைக் கொடுங்கள்.”

ராஜா வைரவநாதரிடம் திரும்பினான். “ஆசாரியிடம் பிழை காண உமக்கு ரொம்ப ஆசை. இனி நாணயச்சாலை வாசலில் உட்காரும். அவர் அடிக்கும் ஒவ்வொரு காசையும் தடவிப் பாரும். இரண்டாவது பிழை கிடைக்கும் அன்று சபைக்குத் திரும்பலாம்.”

உட்கார்ந்தார். தாடி நரைத்தது, கட்டைவிரலில் ரேகை அழிந்தது. சபையில் அவருடைய ஆசனம் கடைசிவரை காலியாகவே கிடந்தது.