இருபதாம் நாள் சராசரி

“தப்பு செஞ்சவங்களைத் தப்புன்னு சொன்னேன். அதுக்கப்புறம் எனக்கு ஏம்மா சோறு இறங்க மாட்டேங்குது?” என்று நாகலிங்கம் கேட்டார்.

சுந்தரவல்லி அம்மா வெல்லம் தட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

மலையடிவாரத்து மடம் அது. மலைமேல் கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு, வறுத்த மாவில் வெல்லப்பாகு ஊற்றிப் பிடித்த பொருவிளங்காய் உருண்டை ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். ஒன்றுதான். மேலே ஏறிவிட்டால் வேறு எதுவும் கிடைக்காது. அதனால் உருண்டை அறுபது கிராம் இருக்க வேண்டும் என்பது மடத்துக் கட்டுப்பாடு.

மடத்தை நடத்துகிற சுந்தரவல்லி அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. நாகலிங்கத்துக்கு அறுபத்து மூன்று. அரசுக் கல்லூரியில் முப்பது வருஷம் புள்ளியியல் நடத்தியவர். ஓய்வு பெற்றதும் மனசு அடங்க வேண்டும் என்று இங்கே வந்து, தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவரைக் குருவாக ஏற்றுக்கொண்டார்.

நான்கு வருஷமாக மனசு அடங்கவில்லை. முயற்சி மட்டும் நடக்கிறது.

உருண்டை பிடிப்பது குருவம்மாள் என்ற பெண். பிடித்தது என்று சொல்ல வேண்டும். மூன்று நாளைக்கு முன்னால் அவர் மடத்தைவிட்டுப் போய்விட்டார். இப்போது அம்மாவே பிடிக்கிறார்.

மடத்தில் யாரையும் போகச் சொல்வதில்லை. ஒருவர் தப்பு செய்தால், பந்தியில் எல்லோரும் இருக்கும்போது அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். பின்னால் போய்ப் பேசக் கூடாது. நல்ல வழக்கம்தான். சொல்கிறவர் சரியாகச் சொன்னால் இன்னும் நல்ல வழக்கம்.

மூன்று நாளைக்கு முன்னால் நாகலிங்கம் பந்தியில் எழுந்து நின்றார். கையில் ஒரு தாள். குருவம்மாள் மாவைக் குறைத்து உருண்டை பிடிக்கிறார் என்று படித்தார்.

குருவம்மாள் இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். இலையை எடுத்துப் போட்டார். துணிப்பையை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் கரட்டூரில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்கு நடந்துவிட்டார்.

அம்மா ஒரு கட்டி வெல்லத்தை உடைத்தார். தப்புன்னு எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

இந்தக் கேள்வி வந்தால் நாகலிங்கத்துக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும். கரும்பலகை ஒன்றுதான் குறை.

விளக்கினார். பாகு ஆறுவதற்குள் பிடிக்கிற உருண்டை. தராசில் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பிடிக்க நேரம் கிடையாது. எப்படிப்பட்ட கையாக இருந்தாலும் உருண்டைக்கு உருண்டை மூன்று கிராம் முன்னே பின்னே போகும். அதனால் ஒரே ஒரு உருண்டையை எடுத்து வைத்துக்கொண்டு யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. கூடையிலிருந்து ஒன்பது எடுத்து, நிறுத்து, சராசரி பார்க்க வேண்டும். ஒன்பதின் சராசரி அவ்வளவு ஆடாது. சாதாரணமாக ஒரு கிராம்தான் ஆடும்.

முதலில் அந்த ஆள்மேல் குற்றமே இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு இன்மை எடுகோள் என்று பெயர். குற்றமில்லாத கையில் அபூர்வமாக மட்டுமே வரக்கூடிய அளவுக்குச் சராசரி குறைந்தால்தான் அந்த எண்ணத்தைக் கைவிடலாம். அதற்கு ஒரு கோடு உண்டு. அவர் கணக்குப்படி கோடு ஐம்பத்தெட்டு புள்ளி நான்கு. வந்த சராசரி ஐம்பத்தெட்டு புள்ளி இரண்டு.

“ஒழுங்காப் பிடிக்கிற கையில இவ்வளவு குறைச்சல் நூத்துக்கு அஞ்சு தடவைகூட வராதும்மா.”

“கோட்டை எப்பப் போட்டீக? நிறுக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடியே போட்டுட்டேன்.”

“ஒம்பதையும் பொறுக்கி எடுத்தீகளா?”

“கண்ணை மூடிக்கிட்டுத்தான் எடுத்தேன்.”

அம்மா தலையை ஆட்டினார். நாகலிங்கத்துக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. தன் பக்கம் நியாயம் இருக்கிறது, வயிறுதான் சரியில்லை என்று நினைத்தார்.

“எத்தனை நாள் நிறுத்தீக?”

நாகலிங்கம் வெல்லத்தைப் பார்த்தார்.

“அன்னைக்குத்தாம்மா கோட்டுக்குக் கீழ வந்துச்சு.”

“நான் அதைக் கேக்கல.”

“இருபது நாள்.”

“மிச்சப் பத்தொம்பது நாள்?”

“மேலதான் இருந்துச்சு.”

அம்மா சுத்தியலைக் கீழே வைத்தார்.

“நூத்துக்கு அஞ்சுன்னா, இருபதுக்கு எத்தனை சார்?”

அம்மா படித்தது எட்டாம் வகுப்பு. எட்டாம் வகுப்புக்கு இந்தக் கணக்கு போதும்.

நாகலிங்கத்துக்கு இது தெரியாமல் இல்லை. ஒழுங்காகப் பிடிக்கிற கையையே இருபது நாள் நிறுத்தாலும், ஒரு நாள் சராசரி கோட்டுக்குக் கீழே விழத்தான் பார்க்கும். வருஷா வருஷம் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு அவரே கேட்ட கேள்வி இது. இதை மறந்த பிள்ளைகளுக்கு வட்டமாக ஒரு சுழியம் போட்டுக் கொடுத்த கை அவருடையது.

“ஒண்ணு,” என்றார்.

சொல்லும்போதே காது இரண்டும் சூடாகிவிட்டது.

அம்மா விடவில்லை. “எதுக்கு நிறுக்க ஆரம்பிச்சீக?”

மலை ஏறுகிறவர்கள் பசியோடு போகக் கூடாது என்றுதான், என்று ஆரம்பித்தார். அம்மா அப்போதுதான் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். நாகலிங்கத்தால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

பிறகு உண்மை மெல்ல மெல்ல வந்தது. இருபத்து மூன்று நாளைக்கு முன்னால் அவர் பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டு போனார். பாதி மோர் இலைக்கு வெளியே போனது. சாருக்குக் கணக்கு வருது, கரண்டி வரல என்று குருவம்மாள் சொன்னார். பந்தியே சிரித்தது. குருவம்மாளும் சிரித்தார். அப்புறம் கரண்டியை வாங்கி அவரே ஊற்றினார். அந்த அம்மாள் அன்றைக்கே அதை மறந்திருப்பார்.

நாகலிங்கம் மறுநாள் காலையில் தராசை எடுத்தார்.

“என்னைப் பார்த்துச் சிரிச்சாங்கம்மா.”

அறுபத்து மூன்று வயதில் சொல்கிற சொல்லா இது? சொன்ன பிறகு அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

அந்தத் தாள்கள் எங்கே என்று அம்மா கேட்டார். ஒரு நாளைக்கு ஒரு தாள். ஒன்றைப் பந்தியில் படித்தார். பத்தொன்பதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். கிழித்துப் போடவில்லை. முப்பது வருஷப் பழக்கம், தரவைக் கிழிக்க மனசு வராது. மறைக்க மட்டும் வந்தது.

கொண்டுவந்து நீட்டினார். அம்மா வாங்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது. இருவரும் பந்திக்குப் போனார்கள். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். குருவம்மாள் உட்காரும் இடத்தில் மட்டும் யாரும் இலை போடவில்லை.

“படிங்க,” என்றார் அம்மா.

“எதைம்மா?”

“அன்னைக்கு ஒண்ணு படிச்சீகல்ல. மிச்சத்தை.”

நாகலிங்கம் படித்தார்.

முதல் நாள். ஒன்பது உருண்டை. சராசரி அறுபது புள்ளி மூன்று.

இரண்டாம் நாள். ஐம்பத்தொன்பது புள்ளி எட்டு.

மூன்றாம் நாள். அறுபத்தொன்று.

சோற்றைப் பிசைந்த கைகள் அங்கங்கே நின்றன. ஏழாவது தாளுக்கு வந்தபோது, தண்ணீர் ஊற்றுகிறவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு, போதும் சார், புரிஞ்சுபோச்சு என்று தாழ்ந்த குரலில் சொன்னார். நாகலிங்கம் அம்மாவைப் பார்த்தார். அம்மா, படிங்க என்று கையைக் காட்டினார்.

அந்தக் கை கொப்புளித்துக் கிடந்தது. மூன்று நாளாகப் பாகைப் பிடித்த கை.

பத்தொன்பதையும் படித்தார். யாரும் திட்டவில்லை. யாராவது ஒருவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லோரும் தலையைக் குனிந்து, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

குருவம்மாளைத் திரும்ப அழைத்துவரட்டுமா என்று நாகலிங்கம் அம்மாவிடம் கேட்டார்.

“வர்றதும் வராததும் அவுக இஷ்டம். போறது உங்க வேலை.”

சாப்பிடாமலே கிளம்பினார். இருபது தாளும் கையில் இருந்தன. கரட்டூருக்கு மூன்று கிலோமீட்டர். வழி முழுக்க, ஆரம்பிக்க வேண்டிய வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். ஒன்றும் சரியாக வரவில்லை.

குருவம்மாள் தங்கச்சி வீட்டு வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். கூட மூன்று பெண்கள். அவரைக் கண்டதும் வாங்க சார் என்று எழுந்து, உட்காரப் பலகையைத் துடைத்துப் போட்டார். நாகலிங்கத்துக்கு அதுதான் தாங்கவில்லை. உட்காராமல் நின்றார்.

பந்தியில் வைத்துக் குற்றம் சொன்னதால் மன்னிப்பையும் நாலு பேர் முன்னால்தான் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் பழக்கம் விடுமா? எடுகோள், கோடு, சராசரி, நூற்றுக்கு ஐந்து என்று ஒரு பாடமே நடத்திவிட்டார். பெண்கள் புளியங்கொட்டையை எடுத்துக்கொண்டே கேட்டார்கள். பாதியில் அவருக்கே அசிங்கமாக இருந்தது. நிறுத்தினார்.

“உங்க கையில தப்பில்லம்மா. நீங்க சிரிச்சதை என்னால தாங்க முடியல. தப்புக் கண்டுபிடிக்கணும்னே நிறுத்தேன். கிடைக்கிற வரைக்கும் நிறுத்தேன். கிடைச்ச ஒரு நாளை மட்டும் எடுத்துக்கிட்டு வந்து படிச்சேன்.”

பந்தியில் எல்லாத் தாளையும் படித்துவிட்டதாகச் சொன்னார். மன்னிக்கச் சொல்லிக் கேட்டார். மடத்துக்கு வரச் சொல்லிக் கேட்டார்.

குருவம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தாள்களை வாங்கினார். அவருக்கு எழுத்து தெரியாது. இருந்தாலும் ஒவ்வொரு தாளாகத் திருப்பினார்.

“இம்புட்டு நாளும் நிறுத்தீகளா?”

“ஆமாம்மா.”

“ஒரு நாள் போக மிச்ச நாளெல்லாம் சரியா இருந்துச்சாக்கும்?”

“பத்தொன்பது நாளும் சரியா இருந்துச்சு.”

குருவம்மாள் தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினார். கோபப்படவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“பதினோரு வருசமாப் பாகு கொதிக்கக் கொதிக்கப் பிடிக்கிறேன் சார். அந்தப் பத்தொம்பது நாள்ல ஒரு நாளாச்சும் எங்கிட்ட வந்து, குருவம்மா, இன்னைக்குச் சரியா இருக்குன்னு சொன்னீகளா?”