ஆட்காட்டி காட்டிய இடம்

கோடையில் நீர் வற்றிக் காய்ந்துபோன ஒரு கண்மாயில், மஞ்சக்காலி என்ற ஆட்காட்டிப் பறவை நான்கு முட்டைகள் இட்டிருந்தது.

ஆட்காட்டிக்குக் கூடு கட்டும் பழக்கம் கிடையாது. வெறுந்தரையில் சின்னப் பள்ளம் பறித்து, சுற்றிலும் கொஞ்சம் கூழாங்கற்களைப் போட்டுவிட்டால் அதற்கு வீடு தயார். முட்டைகளும் கல்லைப் போலவே இருக்கும். பக்கத்தில் நின்றால்கூடத் தெரியாது. யாராவது நெருங்கி வந்தால் அது வேறொரு பக்கம் ஓடிப்போய் நின்றுகொண்டு கத்தும். வந்தவர் கத்தல் கேட்ட இடத்தில் தேடிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போய்விடுவார். அந்தக் குடும்பமே இந்தத் தந்திரத்தில்தான் பிழைத்து வந்தது.

போன கோடையில் மட்டும் தந்திரம் பலிக்கவில்லை. மொட்டைப் பனைக்கு அருகே இட்ட முட்டைகளை எருமை மந்தை மிதித்துவிட்டது. எருமைகள் முட்டையைத் தேடி வரவில்லை, தண்ணீரைத் தேடிப் போயின. தேடாதவர்களை எப்படி ஏமாற்றுவது?

அதனால் இந்த வருஷம் மஞ்சக்காலி மந்தைத் தடத்தைவிட்டு வெகுதூரம் தள்ளி, இடிந்துபோன மடைக்குப் பக்கத்தில் முட்டையிட்டது. அங்கே யாரும் போவதில்லை. கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். நல்ல மனசுக்காரர்கள் வந்து சேர்ந்ததால் முடியவில்லை.

மந்தையின் தலைவி வளைகொம்பி என்ற எருமை. போன வருஷம் நடந்ததை அதனால் மறக்க முடியவில்லை. ஒருநாள் காலையில், மிச்சமிருந்த தண்ணீர்க் குழி ஓரம் நின்றுகொண்டு எல்லாரையும் கூப்பிட்டது.

"இங்க பாருங்கப்பா. எங்க கால் பட்டு மஞ்சக்காலி முட்டையெல்லாம் போச்சு. இந்த வருஷம் அது குஞ்சு பொரிக்கிற வரைக்கும் நாம எல்லாரும் சேர்ந்து காவல் இருப்போம். யாரும் கூலி கேக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றது முயல். "என்ன செய்யணும், எப்படிச் செய்யணும்னு நான் சொல்றேன்." அந்தக் கண்மாயில் தனக்குத் தெரியாத விஷயமே இல்லை என்பது முயலின் நினைப்பு.

"நானும் வாரேன்" என்றது காகம்.

எல்லாம் திரும்பிக் காகத்தைப் பார்த்தன. முட்டை என்றால் காகத்துக்கு எவ்வளவு பிரியம் என்று தெரியாதவர் யார்?

"என்ன அப்படிப் பாக்குறீங்க? நானும் இந்தக் கண்மாய்ல பொறந்தவன்தானே?" என்றது காகம்.

சரி, நீயும் வா என்று அதையும் சேர்த்துக்கொண்டன. எல்லாம் கூட்டமாக மஞ்சக்காலியிடம் போயின.

"தங்கச்சி, முட்டை எங்க இருக்குன்னு சொல்லு. சுத்தி முள்வேலி போட்டுத் தாரோம்" என்றது வளைகொம்பி.

மஞ்சக்காலிக்கு மனசு குளிர்ந்துபோனது. தனக்காக இத்தனை பேரா? மடைப்பக்கம் என்று சொல்ல வாயைத் திறந்தது. அப்போது காகம் தலையைச் சாய்த்து உன்னிப்பாகக் கேட்பதைப் பார்த்துவிட்டது. அவ்வளவுதான். அதன் கால்கள் தாமாகவே மொட்டைப் பனையை நோக்கி ஓடின.

"இங்கதான்! இங்கதான்!" என்று அங்கே நின்று கத்தியது.

அதன் துணையான நெட்டையனுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏம்மா, நம்ம முட்டை அங்க…" என்று தொடங்கியது. மஞ்சக்காலி அதன் இறக்கையில் ஒரு கொத்துக் கொத்தியது. நெட்டையன் வாயை மூடிக்கொண்டது. 'வெறுந்தரைக்கு வேலி போட்டுவிட்டுப் போகட்டுமே, நமக்கு என்ன நஷ்டம்?' என்று நினைத்தது மஞ்சக்காலி.

வேலை மும்முரமாக நடந்தது. எருமைகள் கருவேல முள்ளைக் கொம்பால் தள்ளிக்கொண்டு வந்தன. காகம் சுள்ளி சுமந்தது. முயல் எல்லாருக்கும் நடுவே ஓடி ஓடி யோசனை சொன்னது. எல்லாம் சரிதான், காவல் காக்க வேண்டிய முட்டையைத்தான் காணவில்லை.

"எங்கத்தா முட்டை?" என்றது முயல்.

"கல்லு மாதிரி இருக்கும்ணே. கண்ணுக்குத் தெரியாது" என்றது மஞ்சக்காலி.

உடனே ஆளுக்கொரு கல்லைக் கண்டுபிடித்துக்கொண்டன. "இதுதான் முட்டை" என்றது முயல். "இல்ல, அதுதான்" என்றது காகம். ஒரு கன்றுக்குட்டி ஆட்டுப் புழுக்கை ஒன்றை முட்டை என்று நம்பி, யாரையும் கிட்டே விடாமல் நின்றது. நெட்டையன் மெதுவாக மஞ்சக்காலியின் பக்கம் வந்தது.

"இப்ப நான் எங்க போய் அடைகாக்கணும்? அங்கயா, இங்கயா?"

மஞ்சக்காலிக்கும் தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வேலி முடிந்தது. மந்தைத் தடத்தை மறித்துக்கொண்டு முள் குவிந்து கிடந்தது. முயல் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, பெருமையோடு சொன்னது: "இனி மந்தை இந்தப் பக்கம் வரவே கூடாது. நாளைக் காலையிலருந்து மடைப்பக்கமா சுத்திப் போங்க. அங்கதான் ஒண்ணுமே இல்ல."

மஞ்சக்காலி விருட்டென்று எழும்பியது.

"மடைப்பக்கம் வேண்டாம்!" என்று மடையை நோக்கிப் பறந்து போய்க் கத்தியது. "அங்க வராதீங்க! முட்டை அங்கதான் இருக்கு! நான் பொய் சொல்லிட்டேன்!"

முயல் சிரித்தது. "பாத்தீங்களா? ஆட்காட்டி எங்க கத்துதோ அங்க முட்டை இருக்காது. இது எனக்குத் தெரியாதா? மடைப்பக்கம் போய்க் கத்துதுன்னா முட்டை பனைப்பக்கம் பத்திரமா இருக்குன்னு அர்த்தம்."

"ஆனா காலையில பனைப்பக்கமும் கத்துச்சே?" என்றது காகம்.

முயல் ஒரு நிமிஷம் குழம்பியது. "அது வேற" என்றது.

"பாவம், பெத்த வயிறு. யாரையும் நம்ப மாட்டேங்குது" என்றது வளைகொம்பி.

வாருங்கள், கண்ணால் பாருங்கள் என்று கூட்டிப்போயிருக்கலாம். மஞ்சக்காலி அதற்கும் துணிந்தது. ஆனால் காகம் வேலியின்மேல் உட்கார்ந்து, மடையையும் பனையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. மஞ்சக்காலி எடுத்துவைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. காட்டினால் காகம் தின்றுவிடும், காட்டாவிட்டால் எருமை மிதித்துவிடும். எது மோசம் என்று யோசிப்பதற்குள் மந்தை வீடு திரும்பிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் மடைப்பக்கம் புழுதி எழுந்தது. வளைகொம்பி முன்னே வந்தது. பின்னே மந்தை மொத்தமும் வந்தது. முயலும் காகமும் வழிகாட்டின.

மஞ்சக்காலி எருமைகளின் முகத்துக்கு நேரே பாய்ந்து பாய்ந்து கத்தியது. நெட்டையனும் கூடச் சேர்ந்து கத்தியது.

"கத்தட்டும், கத்தட்டும். நீங்க பாட்டுக்குப் போங்க" என்றது முயல்.

தான் எவ்வளவு கத்துகிறோமோ அவ்வளவு நிம்மதியாக அவை நடந்து வருகின்றன என்பது மஞ்சக்காலிக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்தது. கத்துவதை நிறுத்தியது. நேரே போய் முட்டைகளின்மேல் உட்கார்ந்து, இரண்டு இறக்கைகளையும் விரித்துக்கொண்டது.

வளைகொம்பி குனிந்து பார்த்தது. ஆட்காட்டி ஓடவில்லை. பறக்கவில்லை. கத்தவும் இல்லை. கத்தாத ஆட்காட்டியை வளைகொம்பி வாழ்நாளில் பார்த்ததே இல்லை. தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றது. பின்னால் வந்த எருமைகள் ஒன்றின்மேல் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன.

"ஏன் நின்னுட்டீங்க?" என்றது முயல்.

"சும்மா இருண்ணே" என்றது வளைகொம்பி. பிறகு மெதுவாகக் கேட்டது: "தங்கச்சி, இங்கயா?"

"இங்கதான்க்கா" என்றது மஞ்சக்காலி. எழுந்து ஒதுங்கி நின்று காட்டியது. நான்கு முட்டைகளும் முழுசாக இருந்தன. எருமை மெல்லப் பின்வாங்கியது.

"நேத்தே சொல்லியிருக்கலாமே?" என்றது வளைகொம்பி.

"எனக்குக் காகத்தைப் பாத்தா பயம்க்கா. அதான் சொல்லல. அப்புறம் சொன்னேன், யாரும் நம்பல."

முயல் தன் காதைச் சொறிந்துகொண்டது. எல்லார் கண்களும் காகத்தின் பக்கம் போயின. காகத்துக்கு முகம் சுருங்கிவிட்டது.

"மதினி பயந்ததுல தப்பில்ல" என்றது காகம். "நல்லது செய்யணும்னுதான் வந்தேன். ஆனா பசி வந்துட்டா என்னை நானே நம்ப மாட்டேன். என்னை முட்டைக்குப் பக்கத்துல நிறுத்தாதீங்க. அந்தா, கரை மேல இருக்கிற வேப்பமரத்துல உக்காந்துக்கிறேன். பாம்பு வந்தா அங்கருந்தே குரல் கொடுக்கிறேன்."

காகம் அப்படியே செய்தது. மந்தை பழைய தடத்துக்கே திரும்பியது. ஆனால் அங்கேதான் வேலி இருந்ததே! பாடுபட்டுப் போட்ட வேலியை எல்லாரும் சேர்ந்து பாடுபட்டுப் பிரித்தார்கள். முயலின் காலில் முள் தைத்தது. கன்றுக்குட்டி மட்டும் அந்தப் புழுக்கையை விட்டு நகர மாட்டேன் என்று அடம்பிடித்தது.

சில நாட்களில் குஞ்சுகள் பொரிந்தன. முயல் நொண்டிக்கொண்டே பார்க்க வந்தது. "பிள்ளைங்க எங்கத்தா?" என்று கேட்டது.

மஞ்சக்காலி பழக்கதோஷத்தில் எதிர்ப்பக்கம் ஓடிப்போய், "இங்கதான்! இங்கதான்!" என்று கத்தியது. பாதியில் சட்டென்று நிறுத்தியது. வெட்கத்தோடு திரும்பி நடந்து வந்து, முயலின் காலடியில் கல்லோடு கல்லாகப் படுத்திருந்த குஞ்சுகளைக் காட்டியது.

ஊரே கூடிக் காவல் காத்தாலும், காக்கப்படுகிறவர் மறைக்காமல் சொல்லி, காக்க வந்தவர் காதுகொடுத்துக் கேட்டால்தான் அந்தக் காவல் பலிக்கும்.