வடிவாச்சி அம்மையார் ஏந்திய கை

கருங்கல் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றுகளைக் கொக்கியால் வேரோடு பிடுங்குவதே வடிவாச்சி அம்மையாரின் தொண்டு. திருமணற்குறிச்சி ஈசன் கோயிலைச் சுற்றிவந்து அதை முடித்ததும், கருவறைத் தண்ணீர் வெளியே விழும் வடபுறக் கோமுகத்தின்கீழ் கையேந்தி நிற்பார். சாமி குளித்த நீர் ஒரு கை. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகே கஞ்சி குடிப்பார்.

திருப்பணி வந்தது. திருப்பணியா அது? வினை! சாமியைக் கலசத்தில் எழுந்தருளச் செய்து வெளியே வைத்துவிட்டார்கள். கருவறையில் ஓராண்டாக அபிஷேகம் இல்லை. அம்மையார் வெறுங்கையை ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கஞ்சி குடிக்கப் போவார். ஆயிரம் ஆண்டு மழை தாங்கிய சுவருக்குத் திருப்பணிக்குழுத் தலைவர் தணிகாசலம் சிமெண்ட் பூசினார். மூக்குடைந்த கோமுகம் அவர் கண்ணை உறுத்தியதாம். அதை வெட்டித் தள்ளி, துளையை அடைத்து, மேலே பெயிண்டும் அடித்தார் அந்தப் புண்ணியவான்.

“ஐயா, சாமி குளிச்ச தண்ணி எங்கிட்டுப் போகும்?” என்று கேட்டார் அம்மையார்.

“களை புடுங்குறவளுக்கு இன்ஜினியர் யோசனையா? இனி உள்ள கால் வைக்காதே!” என்று கொக்கியைப் பிடுங்கிக்கொண்டார் தணிகாசலம்.

அம்மையார் அழவில்லை. வாசலில் நின்று ஈசனைத்தான் ஏசினார். “என்னைய விரட்டுனது கிடக்கட்டும். ஒன் வழியையே அடைச்சிட்டான், பாத்துக்கிட்டு இருக்கியே, ஒனக்கு ரோசம் இல்லையா? ஒன் தண்ணி என் கையில விழாம நான் கஞ்சி தொடமாட்டேன்.”

மூன்றாம் நாள் குடமுழுக்கு. முதல் தீர்த்தத்தை வாங்கப் பஞ்சபாத்திரத்தோடு பட்டு வேட்டியில் நின்றார் தணிகாசலம். குடம் குடமாக ஊற்றிய நீர் போக வழியின்றிக் கருவறையில் முழங்கால் மட்டும் ஏறியது, விளக்கு அணைந்தது. கொத்தனார்கள் ஓடிப்போய்ச் சுவரை இங்கும் அங்கும் இடித்தார்கள். எல்லாம் ஒரே வழவழப்பு. துளை இருந்த இடம் ஒருவருக்கும் தெரியவில்லை.

“வடிவாச்சியைக் கூப்பிடுங்கோ!” என்று அலறினார் குருக்கள்.

பட்டினியில் தள்ளாடி வந்த அம்மையார் கண்ணை மூடி, என்றும் நிற்கும் கல்லில் நின்று, என்றும்போல் கையேந்தினார். “இந்தக் கைக்கு நேர் மேல இடிங்கடா!”

நான்கே இடி. பாலும் சந்தனமுமாய்ப் பாய்ந்த வெள்ளம் ஏந்திய கையை நிறைத்து, நரைத்த தலையையும் நனைத்தது.

“முதல் தீர்த்தம் யாருக்குன்னு சுவாமியே சொல்லிட்டார்” என்றார் குருக்கள். தணிகாசலத்தின் பஞ்சபாத்திரம் காலியாகவே இருந்தது.

அம்மையார் ஒரு கை நீரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கஞ்சி குடிக்கப் போனார். ஈசன் வழியை மறவாத அந்தக் கைகளை வணங்குவோம்.