செல்லக்கனி குடிக்காத பால்

ஒரு ஊர்ல ஒரு செல்லக்கனி இருந்தா. கடையத்துப் பக்கம், பீடி சுத்துற வேலை. புருஷன் போய்ச் சேந்துட்டான். ஒரே மகன் மாசானம், லாரியில மூட்டை ஏத்துவான். கேக்குதியா? ம் போடணும், ம் வரலன்னா நிறுத்திருவேன், எனக்கும் கொட்டாவி வருது.

ம். அப்புறம் பாரு, பீடி இலையில வெயில் பட்டா காஞ்சு மொறுமொறுன்னு ஒடிஞ்சுரும். அதனால ஜன்னலைச் சாத்திட்டு முப்பது வருஷம் இருட்டுக்குள்ளயே உக்காந்து சுத்தினா. எலும்புக்கு வெயில் வேணும்னு அவளுக்கு ஒருத்தரும் சொல்லல. சாப்பாடும் அப்படித்தான். மீன் வாங்கினா துண்டு மகனுக்கு, குழம்பு இவளுக்கு. பால் வாங்கினா மகனுக்கு. மிஞ்சினா இவளுக்குன்னு சொல்லுவா, எங்க மிஞ்சும்?

அப்புறம் அம்பது வயசுல அவளுக்கு மாசாமாசம் தலைக்குக் குளிக்கிறது நின்னுபோச்சு. அது என்னன்னு இப்பக் கேக்காத, வளந்தப்புறம் சொல்லுதேன். அது நின்னா பொம்பளைகளுக்கு எலும்பு உள்ளுக்குள்ளயே கரைஞ்சுக்கிட்டு வரும். அவளுக்கு ஒரே ஆசைதான். "கடைசி வரைக்கும் என் காலால நடக்கணும் தாயே, என் மகன் என்னைத் தூக்கிக் குளிப்பாட்டுற நிலை வேண்டாம்"னு இசக்கியம்மன்கிட்ட தினம் கேப்பா.

ஒருநாள் குழாயடியில சறுக்கி, கையை ஊனினா. சடக்! மணிக்கட்டு போச்சு. "கெட்ட நேரம்"னு கட்டுப் போட்டுக்கிட்டா, அவ்வளவுதான். அடுத்த வருஷம் தண்ணிக்குடத்தைத் தூக்கினா. கடக்! முதுகெலும்பு நசுங்கி, ஆளே நாலு விரக்கடை குட்டையாகிட்டா.

அப்போ பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா ரத்தத்தைச் சோதிச்சுட்டு, "உங்க உடம்புல வைட்டமின் டி இல்லவே இல்லம்மா, சுண்ணாம்புச் சத்தும் இல்ல. வாரம் ஒரு பொட்டலம் பால்ல கலந்து எட்டு வாரம் குடிங்க, வெயில்ல கொஞ்சம் உக்காருங்க. இனிமே விழுந்து இடுப்பு ஒடிஞ்சா, எந்திரிக்கிறதே கஷ்டம்"னு சொன்னாங்க.

ம், ம். தூங்கிராத, இனிமேத்தான் கதை.

செல்லக்கனி பொட்டலத்தைப் பிரிச்சா, பால்ல கொட்டினா, கலக்குனா. அப்புறம் தம்ளரைக் கொண்டுபோய் மகன் கையில குடுத்தா! கிறுக்கச்சி. சத்துமருந்துன்னா உழைக்கிற ஆம்பளைக்குத்தான்னு அவளுக்கு நினைப்பு. எட்டு ஞாயித்துக்கிழமையும் மாசானம் ஒண்ணும் தெரியாம மடக்கு மடக்குன்னு குடிச்சான்.

அப்புறம் ஒருநாள் பீடித் தட்டை வச்சுட்டு எந்திரிச்சா, சேலை கால்ல மாட்டுச்சு. மடார்! இடுப்பு ஒடிஞ்சுபோச்சு.

கம்பி வச்சு ஆப்ரேசன் ஆச்சு. டாக்டரம்மா வந்து, "எட்டுப் பொட்டலமும் குடிச்சீங்களா?"ன்னு கேட்டாங்க. "குடிச்சாச்சு"ன்னா இவ. அவங்க புதுசா ஒரு பொட்டலத்தைப் பிரிச்சு, கலக்குற விதத்தை மாசானத்துக்குக் காமிச்சாங்க. வாசம் குப்புன்னு வந்துச்சு. அவனுக்கு அந்த வாசம் தெரியும்லா.

"அம்மா, நான் குடிச்சது உன் மருந்தா?"

"நீ மூட்டை தூக்குறவன்லே. எனக்கு எதுக்கு?"

அவன் அப்படியே தரையில உக்காந்துட்டான். "உன் எலும்பை நான் குடிச்சுட்டேனேம்மா"ன்னு, வார்டே பாக்க அழுதான். பாவம், அவன் மேல என்ன தப்பு?

வீட்டுக்கு வந்ததும் தினமும் அவனே அவளைத் தூக்கினான், குளிப்பாட்டினான். எது நடக்கக்கூடாதுன்னு வேண்டினாளோ அதுவே நடந்துச்சு. அவ சுவத்தைப் பாத்துக்கிட்டே இருப்பா. அவனே பால் காய்ச்சிக் கொண்டுவருவான். "நீ குடிச்சியா?"ம்பா. "நீ குடிக்காம நான் நகர மாட்டேன்"பான். முதநாள் அவ குடிச்சு முடிக்க அரைமணி நேரம் ஆச்சு. முழுத் தம்ளரை ஒத்தையாக் குடிச்சு அவளுக்குப் பழக்கமில்ல.

நடந்தாளான்னு கேக்குதியா? மூணு மாசங்கழிச்சு வாக்கரைப் பிடிச்சு வாசல் வரைக்கும் வந்தா. மாசானம் பக்கத்துலயே நின்னான், தாங்கிப் பிடிக்கல. அதுக்கு மேல அவளால முடியல. வெயில் சுள்ளுன்னு அடிச்சுச்சு, அங்கயே நின்னா.

கதை இம்புட்டுத்தான் கண்ணு. போர்த்திக்கிட்டு உறங்கு.